1878 மூன்று டாலர் தங்க நாணயம்: வாங்கலாமா?

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கத் தங்க நாணயம் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும், எதை வாங்கலாம் என்று கேட்டால் 1878-ஆம் ஆண்டு மூன்று டாலர் என்று தயங்காமல் சொல்வேன். அபூர்வம் என்பதற்காக இல்லை. மூன்று டாலர் வரிசையில் ஓரளவு சுலபமாகக் கிடைக்கிற ஆண்டுகளில் அதுவும் ஒன்று. ஆனால் அந்த வடிவம் எப்படி இருக்க வேண்டும் என்று செதுக்கியவர் நினைத்தாரோ, கிட்டத்தட்ட அப்படியே கையில் கிடைப்பதும் அதில்தான். வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அடிப்படையில் நான் தபால்தலை சேர்க்கிறவள். பென்சில்வேனியாவில் குடியேறிய பிறகு இங்கே சுலபமாகக் கிடைக்கிற பழைய மூன்று சென்ட் தலைகளில் ஆரம்பித்தேன். நாணயத்துக்கு வந்ததும் அந்த வழியாகத்தான். 1851-இல் அமெரிக்காவில் கடிதக் கட்டணம் மூன்று சென்ட்டாகக் குறைந்தது. வாஷிங்டன் முகம் போட்ட செந்நிறத் தலை ஒன்று வந்தது. அதே வருஷம் சின்னஞ்சிறிய மூன்று சென்ட் வெள்ளிக் காசும் வந்தது. இரண்டு வருஷம் கழித்து, 1853 பிப்ரவரி 21-ஆம் தேதிச் சட்டத்தில், மூன்று டாலர் தங்க நாணயத்துக்கு அனுமதி கிடைத்தது. 1854-இல் அச்சடிக்கத் தொடங்கினார்கள். மூன்று டாலருக்கு மூன்று சென்ட் தலை நூறு வாங்கலாம். அதற்காகத்தான் இந்த மதிப்பில் நாணயம் போட்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அந்தச் செந்நிறத் தலைகளை இருநூறு தலை கொண்ட தகட்டில் அச்சடித்து, நூறு நூறாக வெட்டித்தான் தபால் நிலையங்களுக்கு அனுப்பினார்கள். ஆக, ஒரு மூன்று டாலரைக் கொடுத்தால் ஒரு முழுத் தாள் கைக்கு வந்துவிடும். தலையை அச்சிட்ட நிறுவனமும் ஃபிலடெல்பியாதான், தலைமை நாணயச்சாலையும் ஃபிலடெல்பியாதான். என் ஆல்பத்தில் அந்தத் தலைக்குப் பக்கத்தில் வைக்க ஒரு மூன்று டாலர் வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

சரி, பொருளுக்கு வருவோம். எடை 5.015 கிராம். நம் கணக்கில் அரைப் பவுனுக்கு மேல், முக்கால் பவுனுக்குக் கீழ். விட்டம் 20.5 மில்லிமீட்டர். தங்கம் 90 சதவீதம், மீதி செம்பு. 916 தங்கம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதன் நிறம் கொஞ்சம் சிவப்பாகத் தெரியும், செம்பு கூடுதலாக இருப்பதால். சுத்தத் தங்கம் என்று பார்த்தால் நாலரை கிராம். இரண்டரை டாலருக்கும் ஐந்து டாலருக்கும் நடுவில் இது குழம்பிவிடக் கூடாது என்பதற்காகத் தகட்டை வேண்டுமென்றே மெல்லியதாகவும் அகலமாகவும் வைத்தார்கள். எடைக்கு மீறின அகலம் இருப்பதால் முகத்துக்கு நிறைய இடம் கிடைத்திருக்கிறது. அந்த மூன்று நாணயங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் நடுவில் உள்ளதுதான் உடனே கண்ணை இழுக்கும்.

செதுக்கியவர் ஜேம்ஸ் பார்ட்டன் லாங்ஏக்கர். 1844-இலிருந்து 1869 ஜனவரி முதல் தேதி இறக்கும்வரை நாணயச்சாலையின் தலைமைச் செதுக்குநர். அதற்கு முன் செப்புத் தகட்டில் மனித முகங்களைக் கோடு கோடாக இழைத்துப் பெயர் வாங்கியவர். அந்தக் கோட்டுக்காரரின் கை இந்த நாணயத்தில் அப்பட்டமாகத் தெரிகிறது. பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள். தலையணியின் ஒவ்வொரு இறகுக்கும் நடுவே ஒரு நரம்பு, இருபுறமும் மயிரிழை மயிரிழையாகக் கோடுகள், நுனியில் ஒரு சுருட்டல். நெற்றிப் பட்டையில் லிபர்ட்டி என்ற எழுத்துகள் கடுகைவிடச் சிறியவை, ஆனாலும் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது. காதை மூடிக் கழுத்தில் இறங்கும் கூந்தலில், தேய்மானம் தொட்ட இடம் லேசாக மழுங்கி, தொடாத இடம் இன்னும் கூராக இருக்கிறது. என்னுடையது 70 புள்ளி அளவில் 55 வாங்கிய காசு. அதாவது புழக்கத்தில் கொஞ்சமே கொஞ்சம் இருந்தது. மேட்டுப் பகுதிகளில் மினுக்கம் போயிருக்கிறது. இறகுகளுக்கு நடுவிலும் எழுத்துகளைச் சுற்றியும், சாய்த்துப் பிடித்தால் ஒளி சுழன்று வருகிறது. அந்த ஒளிக்காகத்தான் நான் காசு கொடுத்தேன் என்றே சொல்லலாம்.

முகம் யாருடையது? இது சுதந்திர தேவி. இறகுத் தலையணி போட்டதால் சேகரிப்பாளர்கள் இந்திய இளவரசி என்பார்கள். ஆனால் மூக்கும் தாடையும் அமெரிக்கப் பழங்குடிப் பெண்ணுடையவை அல்ல. ஃபிலடெல்பியாவில் லாங்ஏக்கர் பார்த்த பழைய வீனஸ் சிலை ஒன்றை வைத்துத்தான் இந்த முகத்தை உருவாக்கினார் என்பது பரவலான கருத்து, பார்த்தாலும் அப்படித்தான் தோன்றுகிறது. தலையணியும் எந்தக் குலத்துப் பெண்ணும் அணிந்ததல்ல. அப்படிப்பட்ட இறகு மகுடம் சமவெளிக் குலங்களில் ஆண் வீரர்களுக்கு உரியது. இதே போன்ற தலையணியை ஒரு சென்ட் காசுக்கும் கொண்டுவந்தபோது அவர் 1858-இல் மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆசியாவுக்குத் தலைப்பாகை எப்படியோ, இந்தக் கண்டத்தின் ஆதி மக்களுக்கு இறகு மகுடம் அப்படி. எங்கிருந்தோ ஃபிரிஜியத் தொப்பி என்ற பழங்கால விடுதலைத் தொப்பியைக் கடன் வாங்குவானேன் என்பது அவர் வாதம். அந்த வாதத்தில் எனக்குப் பாதி சம்மதம். ரோமானியக் கவுன்களையும் ஃபிரிஜியத் தொப்பிகளையும் திரும்பத் திரும்பப் போட்ட நாணயச்சாலையில், இந்த மண்ணிலிருந்து ஒரு உருவம் எடுப்போம் என்று ஒருவர் நினைத்தாரே, அது பெரிய விஷயம். ஆனால் மகுடத்தை எடுத்துக்கொண்டு முகத்தை விட்டுவிட்டாரே என்ற வருத்தம் தீரவில்லை.

அந்த வருத்தம் இன்னும் கூடுவது 1854-ஆம் ஆண்டின் டி குறி போட்ட காசைப் பற்றிப் படிக்கும்போது. டி என்றால் டலோனெகா, ஜார்ஜியா மாநிலத்தின் மலையூர். 1820-களின் கடைசியில் அங்கே தங்கம் கிடைத்தது. அது செரோக்கி மக்களின் நிலம். 1830-இல் பழங்குடிகளை அப்புறப்படுத்தும் சட்டம் வந்தது. 1838-இல் படையை வைத்து அவர்களை மேற்கே துரத்தினார்கள். ஆயிரக்கணக்கானோர் செத்துப்போனார்கள். அதே 1838-இல்தான் டலோனெகாவில் நாணயச்சாலை திறந்தது. பதினாறு வருஷம் கழித்து அந்த ஊரில் 1,120 மூன்று டாலர் காசுகள் அச்சாயின, இறகு மகுடம் போட்ட பெண்ணின் தலையோடு. அதற்குப் பிறகு அந்த ஊரில் மூன்று டாலர் அச்சடிக்கவே இல்லை. இந்த வரிசையில் ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் தேடும் காசு அது. அச்சின் பதிவு மங்கலாக, விளிம்பைச் சுற்றியுள்ள சிறு பற்கள் பாதி காணாமல் இருந்தாலும் விலை எங்கோ இருக்கும். அதைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் நான் விடமாட்டேன். ஆனால் இந்த வரலாற்றை விட்டுவிட்டு அதன் அபூர்வத்தைப் பற்றி மட்டும் பேச என்னால் முடியாது.

பின்பக்கம் எனக்கு முன்பக்கத்தைவிடப் பிடிக்கும். நடுவில் பெரிய 3, அதன் கீழ் டாலர்ஸ் என்ற சொல், அதன் கீழ் ஆண்டு. சுற்றிலும் ஒரு மாலை. கழுகு இல்லை, கேடயம் இல்லை, நட்சத்திரம் இல்லை. ஆலிவ் இலையும் இல்லை. கோதுமை, மக்காச்சோளம், புகையிலை, பருத்தி என்று அந்த நாட்டு வயலில் விளைந்ததை எடுத்துக் கட்டியிருக்கிறார். பருத்திக் காய் வெடித்து நிற்கிறது. புகையிலையின் அகன்ற இலையில் மடிப்பு தெரிகிறது. வடக்கின் தானியமும் தெற்கின் பணப்பயிரும் ஒரே நாடாவில் முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன, உள்நாட்டுப் போருக்கு ஏழு வருஷம் முன்பு. அந்தப் பருத்தியையும் புகையிலையையும் பயிரிட்ட கைகள் அடிமைகளின் கைகள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கீழே நாடா முடிச்சைக் கவனியுங்கள். தேய்மானம் முதலில் தொடுவதும் அங்கேதான், பதிவு குறைந்தால் தட்டையாகப் போவதும் அங்கேதான். என் காசில் முடிச்சின் மடிப்பு முழுசாக இருக்கிறது. வாங்கும்போது நான் முதலில் பார்த்த இடமும் அதுதான்.

ஏன் 1878? இதற்குப் பின்னால் ஒரு நல்ல காரணம் இருக்கிறது. உள்நாட்டுப் போர் வந்ததும் 1861 டிசம்பர் கடைசியில் வங்கிகள் தங்கம் கொடுப்பதை நிறுத்தின. கிழக்கு மாநிலங்களில் பச்சை நோட்டுதான் பணம். தங்கம் அதற்கு மேல் விலை வைத்துத்தான் கைமாறியது, கடையில் கொடுத்துச் சில்லறை வாங்குகிற பொருளாக இல்லை. மூன்று டாலர் காசு முதல் ஆண்டில் 1,38,618 அச்சானது. அதன் பிறகு எண்ணிக்கை விழுந்துகொண்டே போனது. 1865-இல் வெறும் 1,140. பிறகு 1879 ஜனவரி முதல் தேதியிலிருந்து நோட்டுக்குத் தங்கம் கொடுப்போம் என்று அரசு சொல்லியிருந்தது. 1878 டிசம்பரில் நோட்டும் தங்கமும் சமமாகிவிட்டன. மறுபடியும் தங்கக் காசு தேவைப்படும் என்று எதிர்பார்த்துத்தான் 1878-இல் 82,304 காசுகளை அடித்தார்கள். ஆனால் மூன்று டாலரை யாரும் கேட்கவில்லை. நிறையக் காசுகள் புழக்கத்துக்கே போகாமல் கிடந்தன. நமக்கு இன்று நல்ல நிலையில் கிடைப்பதற்கு அதுவே காரணம். மறு வருஷம் 3,000. அதற்கு மறு வருஷம் 1,000. 1881-இல் 500. 1883-இல் கடிதக் கட்டணமும் இரண்டு சென்ட்டாகிவிட்டது. தபால்தலைக் கணக்கும் முடிந்தது. 1889-இல் கடைசியாக அடித்தார்கள், 1890 செப்டம்பரில் சட்டம் போட்டே நிறுத்திவிட்டார்கள்.

அபூர்வம் என்று பார்த்தால் இந்த வரிசை முழுவதுமே அபூர்வம்தான். முப்பத்தாறு வருஷத்தில் எல்லா ஊர்களிலும் சேர்த்து அடித்தது ஐந்தரை லட்சத்தைத் தொடவில்லை. 1875-இல் சேகரிப்பாளர்களுக்காகப் பளபளப்பாக அடித்த இருபது காசுகள்தான் கணக்கில் உண்டு. 1876-இல் நாற்பத்தைந்து. இதற்கெல்லாம் உச்சம் 1870-இன் சான் ஃபிரான்சிஸ்கோ காசு. அந்த ஆண்டு அங்கே புது நாணயச்சாலைக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஐந்தாம் தெருவும் மிஷன் தெருவும் சந்திக்கும் இடத்தில், 1906 பூகம்பத்தையும் தாண்டி இன்றும் நிற்கிற கட்டடம் அது. அடிக்கல்லுக்குள் வைக்க ஒரு மூன்று டாலர் வேண்டும். கிழக்கிலிருந்து வந்த அச்சில் எஸ் குறி இல்லை. அங்கேயே கையால் எஸ் வெட்டிக் காசை அடித்தார்கள். வெளியே தெரிந்த காசு ஒன்றே ஒன்று. பின்பக்கத்தில் யாரோ 893 என்று கீறியிருக்கிறார்கள், நகையாக மாட்டியிருந்த தடமும் உண்டு. ஒரு காலத்தில் அது வில்லியம் வுட்டின் என்பவரிடம் இருந்தது. அதே வுட்டின்தான் 1933-இல் ரூஸ்வெல்ட்டின் நிதி அமைச்சர். மக்களிடமிருந்த தங்கக் காசுகளை அரசு திரும்ப வாங்கிய அந்த வருஷத்து ஆணையில், சேகரிப்பாளர்கள் மதிக்கும் அரிய காசுகளுக்கு விலக்கு இருந்தது. இன்று நம் கைக்கு இவை வருவதற்கு அந்த ஒரு விலக்கு எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். வுட்டின் காசு பிறகு எலியாஸ்பெர்க் என்ற சேகரிப்பாளரிடம் போய், 1982 ஏலத்தில் 6,87,500 டாலருக்கு ஹாரி பாஸ் என்ற இன்னொரு சேகரிப்பாளர் வாங்கி, 2023-இல் 55 லட்சம் டாலரைத் தாண்டி மறுபடி கைமாறியது. நடுவில் பல வருஷம் கொலராடோ ஸ்பிரிங்ஸ் அருங்காட்சியகத்தில் இருந்தது. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் நான் அதைப் பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், தேய்ந்து, கீறலோடு இருந்த அந்த முகத்தைவிட என் 1878-இல் லாங்ஏக்கரின் வேலை நன்றாகத் தெரிகிறது. அது சரித்திரம், இது சிற்பம். இரண்டும் வேறு வேறு ஆசைகள்.

எஸ் குறி போட்ட மற்ற ஆண்டுகள், 1855, 56, 57, 60, மிகவும் தேய்ந்த நிலையில்தான் அதிகம் கண்ணில் படும். மேற்கே நோட்டை யாரும் மதிக்கவில்லை, தங்கம்தான் பணம். அதனால் இந்தக் காசு உண்மையாகவே கடை கடையாக ஏறி இறங்கியது அங்கேதான். தேய்ந்த காசைத் தொட்டுப் பார்க்கப் பிடிக்கிறவர்களுக்கு 1856 எஸ் ஒன்று சரியாக இருக்கும்.

இப்போது வாங்கும் விஷயம். நான் வாங்கியது ஒரு நாணயக் கண்காட்சியில், நேரில், வியாபாரியின் மேசை விளக்கின் கீழ் ஆற அமரப் பார்த்து. தரச் சான்று தரும் இரண்டு பெரிய நிறுவனங்களில் ஒன்று மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் இருந்தது. பெட்டி எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு அங்கேயிருந்த படத்தையும் காசையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன். பெட்டியையே போலியாகச் செய்கிறார்கள், ஆகவே எண் மட்டும் சரியாக இருந்தால் போதாது. கீறலும் கறையும் படத்தில் இருக்கிற அதே இடத்தில் இருக்க வேண்டும். பெட்டியால் ஒரே குறை, விளிம்பின் வரிகளைச் சரியாகப் பார்க்க முடியாது, எடையும் போட முடியாது. அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம். ஏனென்றால் பெட்டியில்லாத மூன்று டாலர் அவ்வளவு ஆபத்து.

போலி என்றால் சாதாரணப் போலி இல்லை. சரியான எடையில், சரியான தங்கத்தில், நல்ல அச்சில் அடித்தவை. 1882-ஆம் ஆண்டு மூன்று டாலரில் ஒரு கைகாரப் போலிக்காரன் லிபர்ட்டியின் ஆர் எழுத்துக்குள் ஒமேகா குறியைக் கையெழுத்தாகப் பொறித்துவிட்டுப் போயிருக்கிறான். அதைக் கண்டுபிடிக்கும் முன் நிபுணர்களே ஏமாந்தார்கள். பொதுவாகப் பார்க்க வேண்டியது: எழுத்துகளின் ஓரம் வெண்ணெய் மாதிரி வழுவழுவென்று இருக்கிறதா, விளிம்புப் பற்களிலிருந்து உள்ளே நீளும் மெல்லிய மேட்டுக் கோடுகள் இருக்கின்றனவா, சமதளத்தில் காரணமில்லாத சிறு பள்ளங்கள் இருக்கின்றனவா. இவற்றில் ஒன்று இருந்தாலும் விலகிவிடுங்கள்.

அடுத்த தொந்தரவு, நகைக் காசு. அந்தக் காலத்தில் இதைக் கொக்கி வைத்துச் சங்கிலியில் மாட்டுவது சகஜம். பிறகு கொக்கியைக் கழற்றி, பற்றவைத்த இடத்தைத் தேய்த்து விற்கிறார்கள். எனக்கே ஒரு இணையக் கடையிலிருந்து அப்படி ஒன்று வந்தது. படத்தில் பளிச்சென்று இருந்தது. கையில் எடுத்துப் பார்த்தால் மகுடத்துக்கு மேலே விளிம்பில் பற்கள் உருகிச் சமமாகியிருந்தன, சமதளம் முழுக்கத் துணி போட்டுத் தேய்த்த மயிர்க்கோடு. விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திருப்பி அனுப்பியதற்குத் தபால் செலவும் என் தலையில். அதிலிருந்து படம் பார்த்துப் பணம் கட்டுவதில்லை. சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த வீடியோவாவது கேட்கிறேன், தர மறுத்தால் பேச்சு அத்தோடு முடிந்தது.

விலை? உள்ளே இருக்கும் தங்கத்தின் மதிப்பைவிட நிறையவே கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும், என் காசின் நிலைக்கு. தங்கத்துக்காக வாங்குகிறவர்களுக்கு இது சரிப்படாது, அவர்கள் கட்டியோ பவுனோ வாங்கட்டும். 55-க்கு மேல் 60, 61, 62 என்று ஏறினால் விலை ஏறுகிறது, ஆனால் அந்தப் படிகளில் பல காசுகள் மூட்டையில் உரசி முகமெல்லாம் வடு வாங்கியவை. தேய்மானம் இல்லை என்பதற்காக எண் கூடியிருக்கும், பார்க்க அழகாக இருக்காது. கன்னத்தில் வடு இல்லாத ஒரு 55, கன்னமெல்லாம் வடுவான ஒரு 61-ஐவிட எவ்வளவோ மேல். 64-க்குப் போக வசதி இருப்பவர்கள் தாராளமாகப் போகலாம், ஒளி முழுசாக இருக்கும்.

நண்பர் ஒருவர், ஒரே விலைக்கு 1880-களின் குறைந்த எண்ணிக்கை ஆண்டு ஒன்று சுமாரான நிலையில் வருகிறதே, அதை எடுக்கலாமே என்றார். எடுக்கலாம். முதலீடு என்று பேசினால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கலாம். ஆனால் ஒரே ஒரு காசு வைத்துக்கொள்ளப் போகிறவருக்கு எண்ணிக்கை என்ன செய்யும்? இறகின் நரம்பையும் பருத்தி வெடிப்பையும் நாடா முடிச்சையும் பார்க்கத்தானே வாங்குகிறோம். அது முழுசாக இருக்கிற காசை எடுங்கள். ஆண்டு 1878 என்றோ 1874 என்றோ இருந்துவிட்டுப் போகட்டும். 1874-உம் நிறைய அடித்த ஆண்டுதான், 41,800. ஆனால் நான் பார்த்த அளவில் 1878-இன் ஒளி இன்னும் நன்றாக இருக்கிறது.

எனக்கு அடுத்து 1854 ஒன்று வேண்டும், ஃபிலடெல்பியாவில் அடித்தது. முதல் ஆண்டில் மட்டும் பின்பக்கத்து டாலர்ஸ் சின்ன எழுத்தில் இருக்கும், 1855-இலிருந்து பெரிதாக்கிவிட்டார்கள். சின்ன எழுத்தில் மாலைக்கு நடுவே காலியிடம் கூடுதலாக இருக்கிறது, 3 தனியாக நிற்கிறது. படத்தில் பார்த்தவரை எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எது மேல் என்று எழுதுகிறேன். அதற்குள் வாங்க நினைப்பவர்கள் 1878-ஐத் தாராளமாக வாங்கலாம், நாடா முடிச்சைப் பார்த்துவிட்டு.